காற்றடைத்த கோளரங்கம்: ஏழு வருஷம், இரண்டு கூடாரம்

"கிழிஞ்சா என்ன சார் ஆகும்?" கூடாரத்தைப் பார்க்கும் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளைகள் கேட்பதில்லை. அவர்களுக்கு உள்ளே போனால் போதும்.

நானும் இரண்டு நண்பர்களும் திருவண்ணாமலை மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கு ஒரு நடமாடும் கோளரங்கத்தை எடுத்துப் போகிறோம். சென்னை பிர்லா கோளரங்கம் வரை போக முடியாத பிள்ளைகளுக்கு வகுப்பறைக்குள்ளேயே வானம். 5 மீட்டர் விட்டத்தில் ஒரு துணி அரைக்கோளம், கம்பியே கிடையாது. காற்று ஊதும் ப்ளோயர் ஓடும் வரை நிற்கும், நிறுத்தினால் படுத்துவிடும். 2018இல் ஒன்றை விலைக்கு வாங்கினோம். 2022இல் இன்னொன்றை நாங்களே வெட்டித் தைத்தோம். இரண்டிலும் சேர்த்து முந்நூறு காட்சிக்கு மேல் ஆகிவிட்டது. இதுபோல ஒன்று வாங்கவோ தைக்கவோ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் நேரடிச் சாட்சி உண்டு. ஒரு பள்ளியில் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, பிள்ளைகளுக்குப் புழுங்குமே என்று வெளியே இருந்த ஆசிரியர் ஒருவர் மின்விசிறியைப் போட்டுவிட்டார். விசிறி உச்சிக்கு ஒரு சாண் மேலேதான் தொங்கியது. காற்றில் துணி எழும்ப, இறக்கை நுனி 40 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டதுபோல் கிழித்தது. சனிக் கோளில் இருந்த நான் அண்ணாந்து பார்த்தால் மேலே வகுப்பறையின் ட்யூப் லைட் தெரிகிறது. கூடாரம் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். ப்ளோயர் கூடுதல் காற்றைத் தள்ளிச் சமாளித்துக்கொண்டது. பாக்கிக் காட்சியை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். அன்றிலிருந்து உள்ளே போகும் முன் சுவிட்ச் போர்டில் டேப் ஒட்டிவிடுகிறோம்.

உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூபில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை உள்ளேயும் மறுமுனையை வெளியேயும் வைத்து அளந்தோம். வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர். கண்ணுக்குப் பிடிபடாததால், பத்தடிக்கு ஓரடி ஏறும்படி குழாயைச் சாய்த்து வைத்து 3 சென்டிமீட்டராக்கிப் படித்தோம். 3 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 3 கிலோ. எங்கள் துணியின் எடை சதுர மீட்டருக்கு 300 கிராம்கூட இல்லை. துணியைத் தூக்க இதில் பத்தில் ஒரு பங்கு போதும், மீதியெல்லாம் சுருக்கம் எடுப்பதற்குத்தான்.

ஆனால் அதே 3 கிலோ ஓரத்தில் வேறு முகத்தைக் காட்டும். தரைப்பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர். ஆக, மொத்தக் கூடாரத்தையும் 60 கிலோ விசை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாங்கிய கூடாரத்தில் அடி ஓரத்துணி வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அதன்மேல் எடை வைக்க வேண்டும். மணல் மூட்டை சுமந்து அலுத்துப்போய், ஒருநாள் பிள்ளைகளின் புத்தகப் பைகளையே சுற்றிலும் வரிசையாக அடுக்கினோம். அருமையாக நின்றது. முப்பது பை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோ. பிறகு ஒரு தேர்வு நாளில் போனோம். பையில் ஒரு பரீட்சை அட்டையும் பேனாவும்தான். காட்சி பாதியில் ஒரு பக்கம் பாவாடைபோல் எழும்பி, வெளிச்சம் உள்ளே புகுந்து, ஆண்ட்ரோமெடா காணாமல் போனது.

நாங்கள் தைத்ததில் அந்த ஓரத்துணியை 60 சென்டிமீட்டர் அகலத்தில் உள்பக்கமாக மடக்கினோம். உள்ளிருக்கும் காற்றே அதைத் தரையோடு அழுத்தும், பிள்ளைகளும் அதன்மேல்தான் உட்காருவார்கள். இவ்வளவு எளிதான மாற்றத்துக்கு நான்கு வருஷம் ஆனது எங்கள் மந்தபுத்தி.

அடுத்தது வெக்கை. ஆரம்பத்தில் எங்கே காற்று கசிகிறது என்று தேடித் தேடி அடைத்தோம். அடைக்க அடைக்க உள்ளே மூச்சு முட்டியது. காற்று வெளியே போக வழி இல்லையென்றால் புதுக்காற்று எப்படி உள்ளே வரும்? அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை சுமார் 70 வாட் வெப்பம் தரும். முப்பது பிள்ளைகள் என்றால் 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்தமாதிரி. இப்போது ப்ளோயருக்கு எதிர்ப்பக்கம், தோள் உயரத்துக்கு மேலே, ஒரு தட்டு அகலத்துக்குத் திறப்பு விட்டிருக்கிறோம். வெளிச்சம் வராதபடி அதற்கு ஒரு கறுப்புத் துணிக் குழாய். அப்படியும் மணிக்கு 1,000 கனமீட்டர் காற்று தள்ளினால் உள்ளே வெளியைவிட 6 டிகிரி கூடத்தான் இருக்கும். ஏப்ரலில் நாங்கள் எங்கும் போவதில்லை.

ப்ளோயரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒருமுறை கழிப்பறைப் பக்கம் வைத்துவிட்டோம், அதைப் பற்றி வேண்டாம். சத்துணவுக் கூடத்துப் பக்கம் வைத்த அன்று சாம்பார் வாசனையில் நெபுலா என்ற விண்முகில் எல்லாம் யார் கண்ணிலும் படவில்லை.

சரி, தைத்த கதை. வாங்கியது ஏன் போனது என்றால், கொரோனா. பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் மடித்து வைத்த மூட்டை அப்படியே இருந்தது. பிரித்தபோது உட்பூச்சு உரிந்து பிசுபிசுவென்று ஒட்டியது, நாற்றம் வேறு. பாலியூரித்தேன் பூச்சை ஈரப்பதம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். கடைசியாக ஒரு மழை நாளில் ஈரத்தோடு மடித்ததும் நாங்கள்தான். கடலை மிட்டாய்த் தூளுக்காக எலி போட்ட ஓட்டைகள் தனி.

ஷாமியானா தைக்கும் ஒரு பாயிடம் போனோம். படத்தைப் பார்த்ததும் "குடைதானே சார்? கம்பி எங்க?" என்றார். காத்துதான் கம்பி என்றதும் சிரித்துவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார். குடைதான், சரியாகச் சொன்னார். 16 இதழ்கள். 2.5 மீட்டர் ஆரத்துக்குச் சுற்றளவு 15.7 மீட்டர், ஆக ஒவ்வொரு இதழும் அடியில் 98 சென்டிமீட்டர். அடியிலிருந்து உச்சிவரை வளைவின் நீளம் 3 மீட்டர் 93. மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் அகலம் 85, மூன்றில் இரண்டு பங்கில் 49, உச்சியில் பூஜ்யம். தையலுக்கு இரு பக்கமும் 3 சென்டிமீட்டர். துணி, ப்ளாக்அவுட் திரைத்துணி.

தப்பு உச்சியில்தான் நடந்தது. 16 முனைகளும் கூடும் இடத்தில் துணி மேல் துணி ஏறி, பாயின் ஊசி இரண்டு உடைந்தது. "இப்படி விடாதீங்க சார், தொப்பி வெச்சிடலாம்" என்று அவரே உச்சியை வெட்டி, அரை மீட்டர் வட்டத்துணி ஒன்றை வைத்துத் தைத்தார். முதல் காட்சியில் இன்னொன்று தெரிந்தது. வெளி வெளிச்சம் தையல் ஊசித்துளைகள் வழியாக வந்து, 16 கோடுகளில் நேர்த்தியான நட்சத்திர வரிசை. "அது எந்த நட்சத்திரம் சார்?" என்று ஒரு பையன் கேட்டும்விட்டான். பிறகு எல்லாத் தையலையும் வெளியே கறுப்புப் பட்டையால் மூடினோம்.

கதவு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஜிப் வேண்டாம். மண் சிக்கிய ஜிப்பை முப்பது பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்களது வெல்க்ரோ. அவசர வழியும் வெல்க்ரோதான், எதிர்ப்பக்கம் தனியாக. கரண்ட் போனால் கூடாரம் தலையில் விழாது, கதவை மூடி வைத்திருந்தால் நான்கைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். பிள்ளைகளுக்கு அதுதான் காட்சியிலேயே பிடித்த பகுதி.

இந்த யோசனை பழையது. 1917லேயே ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காற்றழுத்தத்தில் நிற்கும் போர்க்கள மருத்துவமனைக் கூடாரத்துக்குக் காப்புரிமை கேட்டார், அவர் அதைக் கட்டவே இல்லை. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கின் கூரையே காற்றில் நின்றது. காற்றடைத்த கோளரங்கத்தை அமெரிக்காவில் ஃபிலிப் சாட்லர் 1977இல் கொண்டுவந்தார்.

மலைப்பள்ளிகளில் இரவு தங்க, காற்றுத்தூண் கூடாரம் ஒன்றும் வைத்திருக்கிறோம். அது வேறு ஜாதி. மூடிய குழாய்களில் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தத்தில் காற்றை அடைத்துவிட்டால் ப்ளோயர் வேண்டாம். ஆனால் அங்கே சின்ன ஓட்டைகூட ஓட்டைதான், ஒரு முள் குத்தினால் விடியும்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காலை 25 டிகிரியில் 7 அடைத்து வெயிலில் விட்டால், குழாய்க்குள் 60 டிகிரி ஆகும்போது ஒன்பதரையைத் தொடும். மதியம் கொஞ்சம் இறக்கிவிட மறக்காதீர்கள். வாங்கும்போது தூணின் பருமனைப் பாருங்கள். அதே அழுத்தத்தில் விட்டம் இரண்டு மடங்கானால் மடங்காமல் தாங்கும் திறன் எட்டு மடங்கு. மெல்லிய தூணுக்கு அதிக அழுத்தம் என்று விற்பதை நான் நம்புவதில்லை.

கோளரங்கத்தை மட்டும் வெளியே திடலில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், தலைமையாசிரியர் எவ்வளவு கேட்டாலும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று 6 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்தும். நம்மிடம் இருப்பது 3. துணி உள்வாங்கி, ஓரம் எழும்பி, பிறகு எதுவும் நடக்கலாம். 2021 டிசம்பரில் டாஸ்மேனியாவில் ஒரு பள்ளி விழாவில் பலத்த காற்று, பிள்ளைகள் விளையாடும் காற்றுக்கோட்டையைத் தூக்கியதில் 6 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில் காட்சி முடிந்ததும், "இது எங்க வீட்டு மேலயே இருக்கு சார், ஆனா பேரு தெரியாது" என்றாள் ஒரு சிறுமி. அங்கே போகும்போது காட்சியைப் பாதியாகக் குறைத்து, இரவில் கூடாரத்தை மூட்டையிலேயே விட்டுவிட்டு நிஜ வானத்தைக் காட்டுகிறோம்.

மூன்றாவதை இப்போது தைக்கக் கொடுத்திருக்கிறோம். 40 சென்டிமீட்டர் உயரம் குறைத்து. விசிறிக்காகத்தான்.