ஒரே ஃபைல் நான்கு வாசலுக்கும் ஆகாது: அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன், கனடா விசிட்டர் விசா ஓர் ஒப்பீடு

ஹோட்டல் புக்கிங், போக வர டிக்கெட், பயணக் காப்பீடு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சொத்துப் பத்திர நகல், அழைப்புக் கடிதம். விசா என்ற பேச்சு எடுத்ததுமே எல்லோரும் சேர்க்க ஆரம்பிக்கும் கட்டு இதுதான். இதில் முதல் மூன்றும் இல்லாமல் ஷெங்கன் வாசலில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வாசலில், வேலை நடக்காது. அதே மூன்றையும் பிரிட்டன் அரசு தன் வழிகாட்டிக் குறிப்பில், ஆதாரமாகச் சேர்க்க வேண்டாதவை என்ற பட்டியலில் போட்டு வைத்திருக்கிறது. அமெரிக்கத் தூதரக அதிகாரியோ கட்டைப் பிரிக்கச் சொல்லாமலே முடிவைச் சொல்லி அனுப்பிவிடக்கூடும்.

நான்கு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: போகிறவர் திரும்பி வருவாரா? பதிலைத் தேடும் இடம்தான் வேறு. அமெரிக்கா ஆளிடம் தேடுகிறது, பிரிட்டன் வங்கிக் கணக்கில், ஷெங்கன் பயணத் திட்டத்தில், கனடா குடும்ப விவரத்தில். சட்டத்தில் இப்படி எழுதியிருக்காது, இது என் கணிப்பு. ஆனால் இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் எதில் நேரம் செலவழிப்பது, எதை வீட்டிலேயே விட்டுப் போவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

அமெரிக்காவில் பி1/பி2 என்று பெயருள்ள விசிட்டர் விசாவுக்கு அடிப்படை, குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அதற்குக் கிடைப்பதோ தூதரகப் பேட்டியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி சில நிமிடங்கள். அந்த நேரத்தில் அதிகாரியின் திரையில் இருப்பது நீங்கள் நிரப்பிய டிஎஸ்-160 படிவம். அதனால் உண்மையான ஃபைல் அந்தப் படிவம்தான், கையில் இருக்கும் கட்டு அல்ல. எங்கே வேலை, என்ன வருமானம், முன்பு எங்கெல்லாம் போனீர்கள், எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா, ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தச் சமூக ஊடகக் கணக்கு வைத்திருந்தீர்கள் என்று எல்லாமே அதில் இருக்கிறது. 20 நிமிடம் தொடாமல் விட்டால் திரை மூடிக்கொள்ளும், ஆகவே உட்கார்ந்ததும் முதல் வேலையாக விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

பேட்டியில் கவிழ்கிறவர்களில் பலர் மொழியால் கவிழ்வதில்லை, முரணால் கவிழ்கிறார்கள். செலவு யாருடையது என்ற இடத்தில் படிவத்தில் 'நானே' என்று போட்டிருப்பார்கள். ஜன்னலில் கேட்கும்போது 'மச்சான் பார்த்துக்கொள்வார்' என்று வாயில் வரும். 'எதற்குப் போகிறீர்கள்?' என்றால் 'சுற்றிப் பார்க்க'. 'எங்கே?' என்றால் முழிப்பு. 'மகளுக்கு மே கடைசியில் பட்டமளிப்பு விழா, இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்துவிடுவேன், ஜூன் நடுவில் கடை திறக்க வேண்டும்' என்று ஒரே மூச்சில் சொல்கிறவருக்கு அடுத்த கேள்வியே வராமல் போகலாம். அழைப்புக் கடிதமோ, செலவை ஏற்கும் உறுதிப் பத்திரமோ விசிட்டர் விசாவுக்குத் தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் அங்கே இருக்கும் உறவினரின் சம்பளச் சீட்டு வரை வரவழைத்துக் கட்டில் சேர்ப்பது நிற்கவில்லை. அவர் திரும்பி வருவாரா என்று யாரும் கேட்கவில்லையே!

பிரிட்டனில் இது தலைகீழ். பேட்டி பெரும்பாலும் கிடையாது. கைரேகை கொடுத்துவிட்டு வந்தால் சரி, நீங்கள் ஏற்றிய ஆவணங்களை எங்கோ ஒரு மேசையில் ஒருவர் படித்து முடிவெடுப்பார். குடியேற்ற விதிகளில் 'அபெண்டிக்ஸ் வி' என்ற பகுதி உண்மையான பார்வையாளர் யார் என்று சொல்கிறது. நடைமுறையில் அதன் கனம் முழுக்கப் பணத்தின் தடத்தில் விழுகிறது. இவ்வளவு இருப்பு இருந்தால் போதும் என்று பார்வையாளர்களுக்கு எந்தத் தொகையும் நிர்ணயிக்கப்படவில்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எப்படி வந்தது என்பதே கேள்வி.

ஒரு ஸ்டேட்மென்ட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் சம்பளம் ஏறுகிறது, மாதக் கடைசியில் ஏறக்குறைய காலியாகிறது. ஐந்து மாதம் இதே கதை. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென ஒரு வருடச் சம்பளம் மொத்தமாக வந்து விழுகிறது. காட்டுவதற்காகக் கைமாற்று வாங்கி வைத்த பணம் என்று படிக்கிறவர் முடிவு கட்ட இந்த ஒரு வரி போதும். இடம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரத்தைச் சேர்த்து, கவர் லெட்டரில் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்தது என்றால் அதன் ரசீது. உறவினர் கொடுத்தது என்றால் ஏன், எதற்கு, அவர் யார் என்பது. விளக்கம் இல்லாத பெரிய இருப்பைவிட, விளக்கம் உள்ள நடுத்தர இருப்பு மேல். ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஆவணம் எதுவானாலும் முழு மொழிபெயர்ப்போடு போக வேண்டும், இல்லையென்றால் அது ஆதாரக் கணக்கில் சேராமல் போகலாம்.

ஷெங்கன் இரண்டிலும் சேராது. 29 நாடுகள், ஒரே விசா, 2009-ல் வந்த 810 என்ற எண்ணுள்ள விசா ஒழுங்குவிதி. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாடு. இத்தாலியில் நான்கு நாள், ஆஸ்திரியாவில் மூன்று நாள் என்றால் இத்தாலிதான். 'அந்த நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, அங்கே போட்டுவிட்டு வேறு பக்கம் சுற்றலாம்' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. எல்லையில் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் வேறு கதை சொன்னால் விசாவையே ரத்து செய்ய இடமிருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இங்கே ஃபைல் என்றால் தேதிகள்தான். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கூரை காட்ட வேண்டும். 5-ம் தேதி காலை வியன்னாவில் அறையைக் காலி செய்கிறீர்கள், 6-ம் தேதி மதியம் ரோமில் அறை எடுக்கிறீர்கள். 5-ம் தேதி இரவு எங்கே? இரவு ரயில் என்றால் அதைத் திட்டத்தில் எழுதி, முன்பதிவையும் வையுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் நாட்கள் அத்தனைக்கும் செல்ல வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டித் தொலைக்க வேண்டியதில்லை, முன்பதிவு போதும். ஆனால் ஏஜென்ட் விற்கும் 'டம்மி டிக்கெட்'டில் விமான நிறுவனத்தின் தளத்தில் அடித்தால் எதுவும் வராத ரகமும் இருக்கிறது. அது முன்பதிவு இல்லை, போலி ஆவணம்.

கனடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பிரிட்டனுக்குப் பக்கத்தில் நிற்கிறது: எல்லாம் இணையம் வழி, எல்லாம் காகிதம். கூடுதலாக ஒன்று, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் எங்கே வசிக்கிறார்கள் என்று கேட்கும் குடும்ப விவரப் படிவம். பாதிக் குடும்பம் கனடாவில், மீதிக் குடும்பம் கூடவே புறப்படுகிறது என்றால், திரும்பி வர என்ன காரணம் என்பதை வேறு வழியில் காட்டியாக வேண்டும். வேலை, விடுப்புக் கடிதம், பார்த்துக்கொள்ள வேண்டிய முதியவர் என்று எதுவானாலும் சரி. அமெரிக்காவில் பிரயோஜனப்படாத அழைப்புக் கடிதத்துக்கு இங்கே மதிப்பு உண்டு.

கட்டணமும் காலமும்

அமெரிக்கா 185 டாலர். பிரிட்டன் ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்த்தியது. ஷெங்கன் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் பாதி, அதற்குக் கீழே இலவசம். கனடா 100 கனடிய டாலர், கைரேகைக்குத் தனியாக 85. கட்டணங்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும், கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் திரும்ப வராது என்பது மட்டும் மாறுவதில்லை.

கொடுத்த காசுக்கு எது அதிகம் தருகிறது என்றால், கிடைத்தால் அமெரிக்காதான். பல நாட்டவருக்குப் பத்து ஆண்டு வரை பலமுறை நுழையும் விசா. கனடாவும் பத்து ஆண்டு வரை தரலாம், ஆனால் அது அதிகாரியின் விருப்பம். பிரிட்டனில் இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விசா வேண்டுமென்றால் தனித்தனிக் கட்டணம், கணிசமாக அதிகம். முதல்முறை ஷெங்கன் என்றால் பெரும்பாலும் போகிற நாட்களுக்கு மட்டும் அளந்து கொடுப்பார்கள். ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு என்று படிப்படியாக நீளும் ஏற்பாடு அந்த ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது.

பத்தாண்டு விசா என்றால் பத்தாண்டு தங்கலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் பதியும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு சொல்லும், இறங்கியதும் இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் வழக்கமாக ஒரு தடவைக்கு ஆறு மாதம். ஷெங்கனில்தான் கணக்குப் பாடம்: எந்த ஒரு 180 நாளிலும் 90 நாள். மார்ச் 1 முதல் ஏப்ரல் 30 வரை இருந்தால் 61 நாள் போய்விட்டது, நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்தி. ஜூன் 1 அன்று மறுபடி போனால் மிச்சம் 29, ஜூன் 29 கடைசி நாள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு வரத் தொடங்கிவிட்டது. முத்திரை மங்கிப்போய்விட்டது என்ற சாக்கெல்லாம் இனி எடுபடாது.

மறுத்தால்

அமெரிக்காவில் 214(பி) என்று அச்சடித்த தாள் ஒன்று கைக்கு வரும். உங்கள் விஷயத்தில் எது இடித்தது என்று அதில் இருக்காது, மேல்முறையீடும் இல்லை. மறுநாளே திரும்ப விண்ணப்பிக்கலாம், ஆனால் நிலைமை எதுவும் மாறாமல் விண்ணப்பிப்பது இன்னொரு 185 டாலரைக் கொட்டுவதுதான். பிரிட்டன் காரணத்தைப் பத்தி பத்தியாக எழுதித் தரும். படிக்க மனசு கசந்தாலும் அடுத்த விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல கையேடு கிடையாது, ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆவணம் என்று பதில் தேடுங்கள். ஷெங்கனில் காரணப் பட்டியலில் டிக் அடித்த படிவம் வரும், கூடவே மேல்முறையீட்டு உரிமை. அதன் வழிமுறை நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை எடுத்துவிட்டது, அதன்பிறகு நீதிமன்றம்தான். கனடாவின் கடிதம் பொதுவான வாசகங்களாகவே இருக்கும். அதிகாரி எழுதி வைத்த குறிப்பைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது, 2025 ஜூலைக் கடைசியிலிருந்து சில மறுப்புகளுடன் அதையே இணைத்தும் அனுப்புகிறார்கள்.

மறுப்பு ஒரு பக்கம், பொய் இன்னொரு பக்கம். போலி ஸ்டேட்மென்ட்டோ, மறைத்த பழைய மறுப்போ பிடிபட்டால் கனடா 5 ஆண்டு தடை, பிரிட்டன் 10 ஆண்டு, அமெரிக்கா நிரந்தரம். 'ஏஜென்ட் போட்டுக் கொடுத்தது, எனக்குத் தெரியாது' என்றால் கேட்பாரில்லை, கையெழுத்து நம்முடையது.

யாருக்கு எது

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இந்தக் கேள்வியே இல்லை, பிள்ளை எங்கேயோ அங்கேதான். கனடா என்றால் நீண்ட காலம் தங்கச் சூப்பர் விசா என்று தனியாக ஒன்று இருப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பவர்களுக்குச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை என்றால் ஷெங்கனில் தொடங்குவேன், என்ன கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த இடம் அது. மாதச் சம்பளம், சுத்தமான கணக்கு என்றால் பிரிட்டன் பயப்பட வேண்டிய இடமே இல்லை. ரொக்கத்தில் தொழில் நடத்துகிறவருக்கு அதே பிரிட்டன்தான் கடினம். அவர் தன் தொழிலைப் பற்றி வாயால் நாலு வார்த்தை தெளிவாகச் சொல்லக்கூடியவர் என்றால் அமெரிக்க ஜன்னல் அவருக்கு அதைவிடச் சாதகம். அதிகாரியைக் கண்டதும் நா வறண்டுபோகிறவர் அந்த ஜன்னலை முதல் முயற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே விடுமுறையில் பிரிட்டனும் ஐரோப்பாவும் என்று திட்டமிடுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. பாஸ்போர்ட் ஒன்றுதானே இருக்கிறது? ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள், முடிவு வழக்கமாக 15 நாளில், சிலசமயம் 45 வரை இழுக்கும். பிரிட்டனுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் முடியும், முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில். ஆகவே ஷெங்கனை முதலில் முடித்து, பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் பிரிட்டனைத் தொடுங்கள். ஷெங்கனில் மறுத்துவிட்டால் பிரிட்டன் படிவத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும், அந்தக் காரணத்துக்கான பதிலையும் சேர்த்து எழுத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவும் பட்டியலில் இருந்தால் அதை இவற்றுக்கு நடுவிலேயே ஓடவிடலாம், ஒப்புதல் வந்த பிறகுதான் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்வார்கள்.