தவளைத் தலை மாதிரி: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

கல்லூரி ஆய்வகங்களில் தவளை அறுப்பது நின்றபின் அந்த இடத்துக்கு வந்தது, கழற்றி மாட்டும் இந்தப் பிளாஸ்டிக் தலை. மேற்புறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுமூளை தவளைக்கு உள்ளபடியே மெல்லிய பட்டையாக இருக்கிறது. நடுமூளையின் முதுகில் உப்பி நிற்கும் இரண்டு பார்வைக் கதுப்புகள் விரலால் தடவினாலே தட்டுப்படும். தவளையின் பார்வை முதன்மையாகப் போய்ச் சேர்வது அங்கேதான்.

கோளாறு அடிப்பக்கத்தில். ஒவ்வொரு கண்ணின் நரம்பையும் இரண்டாகப் பிரித்து, பாதியை அதே பக்கத்துக் கதுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாதிப் பாதியாகப் பிரிவது மனிதருக்குப் பொருந்தும். தவளையில் கதுப்புக்குப் போகும் இழைகள் ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பக்கம் கடந்துவிடும். குறுக்கே போகாத சிறுபகுதி, கதுப்புகளுக்கு முன்னால் உள்ள மூளைப்பகுதியான தலாமஸ் பக்கமே முடிந்துவிடும். அப்படியானால் இரு கண் தகவலும் ஒரே கதுப்பில் எப்படிச் சேர்கிறது? கதுப்பிலிருந்து, நடுமூளையில் உள்ள நரம்பணுத் திரளான நியூக்ளியஸ் இஸ்த்மிக்கு இறங்கி, அங்கிருந்து எதிர்க் கதுப்புக்கு ஏறுகிறது. அந்தச் சுற்றுவழி மாதிரியில் இல்லவே இல்லை.

திருத்துவது எளிது. தவறாக வரைந்த நரம்பின் வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எம்பிராய்டரி நூல் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை உரிந்துவிடும், ரப்பர் பசைதான் நிற்கும். விழித்திரையின் மூக்குப் பக்கத்திலிருந்து சிவப்பு நூல் எதிர்க் கதுப்பின் பின்முனைக்கு. அதே விழித்திரையின் மூக்குக்கு எதிர்ப்புறத்திலிருந்து நீல நூல் அதே கதுப்பின் முன்முனைக்கு. கண்ணருகே நூலைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், இல்லாவிட்டால் விழியைச் சுழற்றும்போது பிய்ந்துவிடும்.

விழி குழியில் சுழல்வதுதான் இந்த மாதிரியின் பெரிய பலம். அரைச்சுற்று திருப்பினால் விழித்திரை தலைகீழாகும், நூலின் மறுமுனை கதுப்பில் அசையாது. 1940களில் அமெரிக்க நரம்பியலாளர் ரோஜர் ஸ்பெர்ரி கண்டது இதையே: நரம்பை வெட்டி, கண்ணை 180 பாகை திருப்பியும், மீண்டும் வளர்ந்த இழைகள் பழைய இடத்தையே தேடிப் போயின. பூச்சி மேலே இருக்க, தவளை கீழே பாய்ந்தது. பழகித் திருந்தவும் இல்லை.

கூடவே வரும் கையேட்டில் கண்ணை வெறும் கேமராவாக விளக்கும் பக்கத்தை வகுப்பில் காட்டாதீர்கள். 1959இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜெரோம் லெட்வின் குழு காட்டியபடி, விளிம்பு, நகரும் சிறு கருநிற உரு, வெளிச்சக் குறைவு போன்றவற்றைத் தவளையின் விழித்திரையே பிரித்தெடுத்து அனுப்புகிறது. ஒவ்வொரு வகை இழையும் கதுப்பில் வெவ்வேறு ஆழத்தில் முடிகிறது. கதுப்பு குறுக்குவெட்டாகத் திறக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், இந்த அடுக்குகளை அதில் மட்டுமே காட்ட முடியும். பணம் கட்டுமுன் அடிப்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.