ஐ-ஓப்பனரில் ஹார்ட் டிஸ்க்: நேரடி பூட்டா, ஃபிளாஷ் வழி பூட்டா?

2000-ல் 99 டாலருக்கு விற்ற ஐ-ஓப்பனர், கியூஎன்எக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் வெறும் இணையக் கருவி. உள்ளே 32 எம்பி ரேம், 16 எம்பி ஃபிளாஷ் சேமிப்பு. போர்டில் ஹார்ட் டிஸ்க்குக்கான ஐடிஇ இணைப்பு இருப்பது தெரிந்ததும் பலர் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து லினக்ஸ் ஏற்றினார்கள். அந்த இணைப்பில் ஊசி (பின்) வரிசைகள் இடம் மாறியிருக்கும். அதனால் சாதாரண கேபிள் உதவாது, முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

அப்புறம்தான் கேள்வி: பூட், அதாவது லினக்ஸ் தொடங்குவது, எங்கிருந்து?

நேரடியாக டிஸ்க்கிலிருந்து பூட் செய்வது எளிமையானது. கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) மாற்ற ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். ஆனால் எல்லாம் பயாஸ் (கருவியைத் தொடக்கி வைக்கும் போர்டு மென்பொருள்) கையில். அது டிஸ்க்கைக் கண்டுகொள்ளாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். கண்டுகொண்டாலும், லினக்ஸை ஏற்றும் பூட் நிரலான லிலோவின் பழைய பதிப்புக்கு 1024 சிலிண்டர் எல்லை உண்டு, அதாவது டிஸ்க்கின் முதல் 1024 சிலிண்டர்களை (டிஸ்க் பிரிவுகளை) மட்டுமே அது எட்டும். கர்னல் அதற்கு அப்பால் போய்விட்டால் பூட் ஆகாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் கர்னலுக்காகச் சின்னதாக ஒரு பூட் பார்ட்டிஷன் (தனிப் பகுதி) ஒதுக்கினால் போதும்.

இன்னொரு வழி, கர்னலை மட்டும் ஃபிளாஷில் வைத்து, மீதி லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை டிஸ்க்கில் வைப்பது. லினக்ஸ் கர்னல் ஐடிஇ டிரைவ்களைத் தானே தேடும், பயாஸை நம்பி இருக்காது. 16 எம்பியில் கர்னல் தாராளமாக அடங்கும். ஆனால் ஃபிளாஷில் இருந்த கியூஎன்எக்ஸ் அழிந்துவிடும், முன்பே பிரதி எடுத்து வையுங்கள்.

பயாஸ் ஒத்துழைத்தால் முதல் வழி, பிடிவாதம் பிடித்தால் இரண்டாவது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.