பாரிமுனைல வாங்குன ஸ்டார் ஸ்டிக்கர் கிட் - நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டு மாடில சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன். ரெண்டாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் 23 பசங்க, பாதி பேர் கார்ப்பரேஷன் ஸ்கூல், மீதி பேர் சுத்துவட்டாரத்துல இருக்கற இங்கிலீஷ் மீடியம். காலைலேர்ந்து ஸ்கூல்ல கை கட்டி உக்காந்துட்டு வர்றதுங்க, ஆறு மணிக்கு நம்ம மாடி ஏறும்போதே படிக்கட்டுல குஸ்தி ஆரம்பிச்சிடும். பெத்தவங்களோ கொண்டாந்து உடும்போதே "கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ்"னு லைசென்ஸ் குடுத்துட்டு போறாங்க. ஸ்கூல்ல அடிக்கக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவுலயே இருக்கு, மனசு நோகற மாதிரி நடத்தறதும் சேர்த்துதான். டியூஷனுக்கு அதெல்லாம் யாரும் வந்து கேக்க போறதில்ல, ஆனா எனக்கு பெரம்ப கைல புடிச்சாலே எங்க நாலாவது டீச்சர் ஞாபகம் வந்துடும், அதனால வேணாம்னு முடிவு பண்ணி வேற வழி தேடுனதுல வாங்குனதுதான், நல்லா நடந்துக்கற புள்ள பேருக்கு நேரா ஸ்டார் ஒட்டற இந்த கிட்டு.

தியாகராயா காலேஜ் ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறி மண்ணடில எறங்கி, பிராட்வே பக்கமா நடந்து ஒரு சந்துல மொத்த கடை, பேர் வேணாம். 480 ரூபா சொன்னாரு, பேசி 420க்கு வாங்குனேன். உள்ள என்னன்னா, செவுத்துல ஒட்டற சார்ட் ஒன்னு, மினுமினுன்னு 500 ஸ்டார் ஸ்டிக்கர், 'குட்', 'வெரி குட்', 'எக்ஸலண்ட்'னு மூணு ஸ்டாம்ப், அப்புறம் அடில சும்மா இடத்த அடைக்க வெச்ச மாதிரி 50 சின்ன கார்டு.

மொதல்ல சார்ட்ட பத்தி சொல்லிடறேன். 20 பேருக்குதான் கட்டம் இருக்கு, 23 பசங்கள வெச்சிக்கினு நா என்ன பண்ண, கீழ ஸ்கேல் வெச்சி மூணு கோடு நானே போட்டேன், அந்த மூணு பேர் ஒரு வாரம் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தாங்க. ஸ்டிக்கர் பாக்க சோக்கா இருக்கு, ஆனா கோந்து சரியில்ல. நம்ம ஊரு புழுக்கம், கூட ஃபேன் காத்து வேற, ரெண்டு நாள்ல உதுர ஆரம்பிச்சிடுச்சு. உதுந்தத ஒரு ஆளு பொறுக்கி பொறுக்கி தன் பேருக்கு நேரா ஒட்டிக்கினு இருந்திருக்கான். நானும் இவன் என்னடா திடீர்னு இவ்ளோ நல்லவனாயிட்டான்னு பூரிச்சி போயி அவங்க அம்மாகிட்டயே சொல்லிட்டேன்.

உண்மைய சொல்லணும்னா மொத ரெண்டு வாரம் செம்மையா வேலை செஞ்சிது. வந்தவுடனே செருப்ப வரிசையா உடுறது என்ன, கை தூக்கிட்டு பேசறது என்ன, எங்க வீட்டுக்காரரே மேல வந்து எட்டி பாத்துட்டு போனாரு, ஏன் சத்தமே காணோம்னு. மூணாவது வாரம்தான் பேஜாரு ஆரம்பம். ரெண்டு ஸ்டாருக்கு ஒரு தேன் மிட்டாய்னு படிக்கட்டுக்கு கீழ வியாபாரம் ஓடுது. வாய்ப்பாடு ஒப்பிக்க சொன்னா "எத்தன ஸ்டார் மிஸ்?"ங்கறான். கீழ உழுந்த பேப்பர எடுடான்னா அதுக்கும் ரேட் கேக்கறான். இதுல எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா, ஒரு நாலாவது பொண்ணு, யாரும் சொல்லாமயே தினமும் சின்ன புள்ளைங்களுக்கு எழுத்து கூட்டி படிக்க சொல்லி குடுப்பா, அவளும் "இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்"னு கேட்டுட்டா. நா யோசிக்காம உண்டுன்னு சொல்லி குடுத்துட்டேன். அடுத்த வாரம் ஸ்டிக்கர் தீந்து போச்சுன்னு சொன்னேன், சொல்லி குடுக்கறதயும் நிறுத்திட்டா.

இது நம்ம புள்ளைங்க கெட்டு போனதால இல்ல. பி.எட்ல படிச்சது அப்பதான் ஞாபகம் வந்துது. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் அமெரிக்கால ஒரு நர்சரி ஸ்கூல்ல செஞ்ச சோதனை. ஸ்கெட்ச் பேனால படம் வரைய ஆசப்படற குழந்தைங்கள எடுத்துக்கிட்டு, ஒரு குரூப்புக்கு மட்டும் வரைஞ்சா தங்க ஸ்டாரும் ரிப்பனும் ஒட்டுன சர்டிபிகேட் தர்றோம்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க, ஒரு குரூப்புக்கு சொல்லாம கடைசில குடுத்தாங்க, இன்னொன்னுக்கு ஒன்னுமே இல்ல. ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சி பாத்தா, பரிசுக்காக வரைஞ்சதுங்க மத்த ரெண்டு குரூப்ப விட பாதி நேரம்தான் அந்த பேனாவ தொட்டிருக்குங்க. சொல்லாம கொள்ளாம பரிசு வாங்குன குரூப்புக்கு ஒன்னும் ஆகல. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனதெல்லாம் மாடில வந்து பல்ல இளிச்சிது.

சரி ஸ்டாம்ப். இது நல்ல குவாலிட்டி, குத்தம் சொல்ல முடியாது, நாலு மாசமா மை ஊத்தவே இல்ல. பசங்க நோட்டுல வேணாம் கைல குத்துங்க மிஸ்னு நிப்பாங்க. காசிமேட்லேர்ந்து வர்ற ஒரு குட்டி, "அம்மா மீன் கழுவ தண்ணி ஊத்த சொன்னாங்க, ஸ்டாம்ப் அழிஞ்சிடும்னு மாட்டேன்னுட்டேன்"னு பெருமையா வந்து சொல்லுது, நல்ல நடத்தைக்கு குத்துனது இப்படி ஆயிடுச்சேன்னு தலைல கைய வெச்சிக்கினேன். ஒரே கொற, மூணும் இங்கிலீஷ். ரெண்டாவது படிக்கற தமிழ் மீடியம் புள்ளைக்கு 'எக்ஸலண்ட்' படிக்க வரல, அது எதுக்குன்னே தெரியாம கைய நீட்டுது. அதனால பிராட்வேல ரப்பர் ஸ்டாம்ப் செய்யற கடைல குடுத்து 'டக்கர்!'னு ஒன்னு செஞ்சேன். கடைக்காரரு ரெண்டு தடவ கேட்டாரு, "மேடம் நெஜமாவே இதுதானா"ன்னு. இப்ப அந்த ஒன்னுக்குதான் அடிதடி, இங்கிலீஷ் மூணும் டப்பால தூங்குது.

மொபைல்ல ஆப் இருக்கே, அத யூஸ் பண்ணலாமேன்னு என் தங்கச்சி சொன்னா, அவ பிரைவேட் ஸ்கூல் டீச்சர். கிளாஸ்டோஜோன்னு 2011லயே வந்தது, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு குட்டி பூதம் பொம்மை, நல்லது செஞ்சா பாயிண்ட், டீச்சருக்கு ஃப்ரீ. நல்ல ஆப்தான் சொல்றாங்க. ஆனா என் பசங்க வீட்ல ஒரே போன், அதுவும் அப்பா கூட ஹார்பருக்கோ போட்டுக்கோ போயிடும், யார் பாக்கறது.

ஸ்டிக்கர நிறுத்துன பெறவு, சார்ட் வெத்தா தொங்குதேன்னு திருப்பி போட்டு டீம் வெளையாட்டு ஒன்னு ஆரம்பிச்சேன். இதுவும் பழைய ஐடியாதான், 1969லயே அமெரிக்கால ஒரு நாலாவது கிளாஸ்ல பண்ணி பாத்தது, கிளாஸ ரெண்டா பிரிச்சி, எந்திரிச்சி ஓடுனா, குறுக்க பேசுனா அந்த டீமுக்கு ஒரு கோடு, கோடு கம்மியா இருக்கற டீமுக்கு சலுகை. சலுகையும் காசு செலவு இல்லாதது, சாப்பாட்டு லைன்ல மொதல்ல நிக்கலாம் அந்த மாதிரி. நம்ம மாடில சலுகை கடைசி பத்து நிமிஷம் கேரம். 2024ல கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் அடிச்ச காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டை பொண்ணுதானே, அதுலேர்ந்து இந்த ஏரியால பொண்ணு புள்ளைங்களுக்கும் கேரம்னா உசுரு. இது இன்னும் ஓடிட்டு இருக்கு. ஒருத்தன் மட்டும் வேணும்னே கத்தி டீம தோக்கடிச்சிக்கினு இருந்தான், மத்ததுங்க அவன கீழ போய் மொத்தறதுன்னு பிளான் போட்டுதுங்க. அவன் கைல சாக்பீஸ குடுத்து நீதான்டா அம்பயர்னுட்டேன். இப்ப நா பேசுனாகூட கோடு போடறான்.

இப்ப அந்த 50 கார்டுக்கு வர்றேன். கோடு போட்ட வெத்து கார்டு, ஓரத்துல ஒரு பூ, அவ்ளோதான். ஒரு நாள் ஒரு மூணாவது பையன், பக்கத்து புள்ள பென்சில் தொலைஞ்சி அழுதுன்னு தன் பென்சில ரெண்டா ஒடச்சி பாதிய குடுத்தான். யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கினு செஞ்சான். அத அப்படியே தமிழ்ல நாலு வரி எழுதி கார்ட அவன் பைல போட்டு அனுப்பிட்டேன், அவன்கிட்ட ஒன்னும் சொல்லல. அடுத்த நாள் அவங்க அம்மா முந்தானைய இழுத்து சொருகிக்கினு மூச்சு வாங்க மாடி ஏறி வர்றாங்க. "இன்னா மிஸ் பண்ணான் இவன், சீட்டு வந்துகீது"ன்னு. அவங்களுக்கு படிக்க தெரியாது, பையன் பயந்து படிச்சி காட்டல. இவ்ளோ வருஷத்துல ஸ்கூல்லேர்ந்து சீட்டு வந்தா கம்ப்ளெய்ண்ட்னுதான் அர்த்தம். நா படிச்சி சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னாங்க. "இன்னொருவாட்டி படிங்க மிஸ்"னாங்க. படிச்சேன். கார்ட வாங்கி ரேஷன் கார்டு வெக்கற பிளாஸ்டிக் கவருக்குள்ள சொருகிக்கினு போனாங்க.

அதுலேர்ந்து வாரத்துக்கு நாலு பேருக்கு எழுதறேன். 'நல்ல பையன்'னு எழுதறதில்ல, என்ன பண்ணான், எந்த நாள், அத மட்டும். யாருக்கு எப்பன்னு முன்னாடி சொல்றதில்ல, அதனால ரேட் பேச வழி இல்ல. அந்த நாலாவது பொண்ணு திரும்பி சின்னதுங்ககூட உக்கார ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, கார்டாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

மொத்தத்துல கிட்டுக்கு என் மார்க் 5க்கு 2. ஸ்டிக்கர், சார்ட் ரெண்டும் தண்டம், ஸ்டாம்ப் ஓகே. கார்டு தீந்து போச்சு, கார்டு மட்டும் தனியா குடுங்கன்னு அதே கடைல கேட்டேன், "அது தனியா வராதுக்கா, கிட்டாதான் எடுக்கணும்"னாரு. நம்ம தெருமுனை ஸ்டேஷனரில 30 ரூபாய்க்கு பில் புக்கு ஒன்னு வாங்கிட்டு வந்துட்டேன், 'மொத்தம் ரூ.'ன்னு இருக்கற எடத்துல டக்கர் ஸ்டாம்ப் கரெக்டா உக்காருது.