மியாகாவ் கோட்டைத் தேவாலயம் போகிறவர்கள் கவனத்துக்கு

பிலிப்பைன்ஸில் இலோயிலோவுக்குப் போகிறவர்கள் மியாகாவ் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதன் உள்ளே போகக் கட்டணம் எதுவும் கிடையாது. எங்களிடம் தலைக்கு 300 பேசோ 'பாரம்பரியக் கட்டணம்' என்று கறந்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் தங்கியிருந்த இடத்தில் ஏற்பாடு செய்துகொடுத்த வேன். அரை நாள் சுற்று, வழிகாட்டியும் கூடவே வருவார் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நகரத்திலிருந்து மியாகாவ் சுமார் 40 கிலோமீட்டர். அதற்கு முன்பே கிம்பல் என்ற ஊர் வரும். அங்கேயும் மஞ்சள் கல்லில் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்தி, "இதுதான், இறங்குங்கள்" என்றார் வழிகாட்டி.

முகப்பில் தென்னைமரச் சிற்பம் எங்கே என்று என் மனைவி கேட்டாள். 1948 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்துவிட்டது என்று கூசாமல் சொன்னார். அந்த ஆண்டு நிலநடுக்கம் வந்ததும், மியாகாவ் தேவாலயம் சேதமானதும் உண்மைதான். ஆனால் அந்தத் தென்னை இன்றும் முகப்பில்தான் நிற்கிறது. போனில் ஊர்ப் பெயரைக் காட்டிய பிறகு, டீசலுக்கு இன்னும் 500 பேசோ கொடுத்தால் போகலாம் என்றார்கள். அப்பா இந்த ஒன்றைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். கொடுத்தோம்.

மியாகாவ் வாசலில்தான் அந்த 300. கொடுத்த சீட்டில் முத்திரை இல்லை, தேதி இல்லை, யார் பெயரும் இல்லை. உள்ளே பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம் காட்டினோம். இங்கே அப்படி எதுவும் வாங்குவதில்லையே என்று அவரே பதறிப்போனார். வெளியே வந்து பார்த்தால் வழிகாட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார், ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுகிற இடமா அது? 1787இல் தொடங்கி 1797இல் முடித்த கட்டடம். கடல்வழியாக வந்த கொள்ளையரிடமிருந்து ஊர் ஜனம் தப்பிக்க ஒன்றரை மீட்டர் தடிமனில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கொத்தளம் போலக் கோபுரங்கள், இரண்டும் ஒரே உயரமில்லை. முகப்பில் புனித கிறிஸ்டோபர் உள்ளூர்க்காரர் உடுப்பில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்தபடி தென்னையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பப்பாளி, கொய்யா மரங்கள். ஐரோப்பியப் பாணிக் கோயிலில் அந்த ஊர்க் கொல்லை மரங்களையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு இலையாகப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில்தான் அந்த ஹாரன்.

யுனெஸ்கோ 1993இல் பட்டியலில் சேர்த்த நான்கு பிலிப்பைன்ஸ் பரோக் (அலங்காரம் மிகுந்த பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி) தேவாலயங்களில் இது ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லித்தான் காசு கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள். வேனே வேண்டாம். இலோயிலோவின் மோஹோன் முனையத்திலிருந்து மியாகாவுக்கு ஜீப்னி (நம்ம ஊர் மினிபஸ் மாதிரி, பலரும் சேர்ந்து போகிற வண்டி) போகிறது, நாங்கள் கொடுத்ததில் அது ஒரு சின்னப் பங்குகூட ஆகாது. வேன்தான் வேண்டும் என்றால் ஊர்ப் பெயரை எழுத்தில் வாங்குங்கள், பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். திருமணம், திருப்பலி நடக்கும் நேரத்தில் உள்ளே சுற்ற முடியாது, அதையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சீட்டின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. வந்தால் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.