ஸ்மித்-பாரியா, லிங்க்கா: விமானப் பயிற்சியின் இரு முன்னோடிகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் விமானியாக விரும்பும் மாணவர்களுக்குப் பயிற்சியின் வரலாற்றை ராபர்ட் ஸ்மித்-பாரியிலிருந்து தொடங்குவதா, எட்வின் லிங்க்கிலிருந்து தொடங்குவதா என்று கேட்டால், நான் லிங்க்கையே முதலில் சொல்வேன்.

ஸ்மித்-பாரியின் பங்கு சிறியதன்று. 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில், இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவரை அமர்த்தி, பேச்சுக்குழாய் வழியே விளக்கியபடி, ஆபத்தான நிலைகளுக்கு வேண்டுமென்றே கொண்டுசென்று அவற்றிலிருந்து மீளக் கற்பிக்கும் முறையை அவர் வகுத்தார். இன்றைய பயிற்றுநர்களும் அந்த வழியில்தான் கற்பிக்கிறார்கள்.

லிங்க் அமெரிக்காவின் பிங்காம்டனில் தம் தந்தையின் ஆர்கன் (காற்றால் ஒலிக்கும் இசைக்கருவி) தொழிற்சாலையில் வேலை கற்றவர். ஆர்கனின் துருத்தியையும் காற்றழுத்தத்தையும் கொண்டே, தரையிலிருந்தபடி சாயவும் திரும்பவும் செய்யும் பயிற்சிக் கருவியை 1929இல் உருவாக்கினார். தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கப் பார்த்திருக்கும் ராயபுரத்துப் பிள்ளைக்கு அதன் அடிப்படை உடனே புரியும். தொடக்கத்தில் அதைப் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934இல் தபால் சுமக்கப் பணிக்கப்பட்ட அமெரிக்க ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் உயிரிழந்த பிறகே, விமானத்தின் அளவுமானிகளைப் பார்த்தே பறக்கப் பயிற்றுவிக்க ராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது.

போகியன்று அதிகாலையில் தெருமுனைகூடத் தெரியாத புகையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, வெளியே எதுவும் தெரியாதபோது அளவுமானிகளை மட்டும் நம்பிப் பறப்பது ஏன் தனிக் கல்வியானது என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது. பயணிகள் விமானத்துறை அந்தத் திறமையின் மீதே நிற்கிறது.

போர் விமானத்தில் நாட்டம் கொண்ட மாணவருக்கு மட்டும் ஸ்மித்-பாரியை முதலில் வைக்கலாம்.