தவக்காலத்துக்கு தாந்தே: பல வருட வாசிப்பில் கண்டது

இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என்று மூன்று பகுதிகளாகப் பாடிய காவியம் 'டிவைன் காமெடி'. அதைக் கையில் எடுக்கிற பலரும் நரகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆன்ம வளர்ச்சிக்காகப் படிக்கிறீர்கள் என்றால் நரகத்தைச் சீக்கிரம் கடந்து, நடுப்பகுதியான உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு, அதாவது மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடத்துக்கு, வந்துவிடுங்கள். பல வருடங்களாக, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் அதைத்தான் படிக்கிறேன். மொத்தம் 33 படலங்கள். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் தொடங்கி, ஞாயிறு தவிர நாளுக்கு ஒன்று படித்தால், ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறுக்குள் முடிந்துவிடும். இங்கே புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து அங்கேயே உட்கார்ந்து படிப்பது எனக்குத் தோதாக இருக்கிறது.

தாந்தேவின் உத்தரிக்கிற ஸ்தலம் ஒரு மலை. அதில் ஏழு தளங்கள், தலையான பாவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம். முதல் தளம் ஆங்காரம். பாறாங்கல்லைச் சுமந்து, முழங்கால் நெஞ்சில் இடிக்கக் குனிந்து நடக்கிறவர்கள், இயேசு கற்பித்த ஜெபமான பரலோக மந்திரத்தை வரி வரியாக விரித்துச் சொல்கிறார்கள். 'சோதனையில் விழவிடாதேயும்' என்ற இடம் வந்ததும், இது எங்களுக்காக அல்ல, பின்னால் பூமியில் இருப்பவர்களுக்காக என்கிறார்கள். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளில் நாம் அவர்களுக்காக ஜெபிக்கிறோம். அங்கே அவர்கள் நமக்காக! இதைப் படித்த பிறகு அந்த ஜெபத்தை என்னால் அவசரமாகச் சொல்ல முடிவதில்லை.

அடுத்தது காய்மகாரம். பிறர் வாழ்வதைப் பார்க்கப் பொறுக்காத கண்களை இரும்புக் கம்பியால் தைத்திருக்கிறது. ஆனால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் இந்தப் படலத்தைப் படித்துப் பாருங்கள், மனது தானாகவே வாயைத் திறக்கும்.

சிரமங்களும் உண்டு. 1302இல் ஃப்ளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர் தாந்தே. அந்த ஊர் அரசியல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அடிக்குறிப்பு உள்ள பதிப்பாக வாங்குங்கள், புரியாத பெயர்களைத் தாண்டிப் போங்கள். மோட்சப் பகுதியில் தத்துவம் கனம். அதிலும் 19ஆம் படலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிந்து நதிக்கரையில் பிறந்து, கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாமலே நல்லவனாக வாழ்ந்து செத்தவனைத் தண்டிப்பது என்ன நீதி என்ற கேள்வி அங்கே வருகிறது. இந்து, முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே வாழ்கிற நமக்கு இது வீட்டுக் கேள்வி. கடவுளின் நீதியை அளக்க நீ யார் என்றுதான் பதில் தொடங்குகிறது. அது எனக்குப் போதவில்லை. ஆனால் அப்புறம் வருவது கனமான வார்த்தை: 'கிறிஸ்துவே, கிறிஸ்துவே' என்று கூவுகிற பலர், தீர்ப்பு நாளில் அவரை அறியாதவரைவிடத் தொலைவில் நிற்பார்களாம். பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டியபோது, ஜெபமாலை நேரம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.